“ஒன்னுமில்ல டீச்சர்” என்று சொல்லும் பிள்ளைகளுக்கு

போன மாதம் தோட்டக் கமிட்டிக் கூட்டம் முடிந்து எல்லோரும் எழுந்தபோது ஒரு தகப்பன் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். மகள் உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் நல்ல பெறுபேறு எடுத்திருக்கிறாள். “டீச்சர், டொக்டர் படிப்புக்கு இன்டவியூ வைப்பாங்களாமே, அதுக்கு யாரைப் பிடிக்கணும்?” என்று கேட்டார். டவுனில் யாரோ ஒருவர், தனக்கு ஆள் இருக்கிறது, கொஞ்சம் செலவாகும் என்று சொல்லியிருக்கிறார்.

முதலில் இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அரசாங்கப் பல்கலைக்கழக மருத்துவ பீடங்களுக்கு இந்த நாட்டில் நேர்முகப் பரீட்சை கிடையாது. இசட் புள்ளிதான் கணக்கு. 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில், 55 வீதம் மாவட்ட அடிப்படையில், மிச்சம் 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. நுவரெலியா, பதுளை, இரத்தினபுரி மூன்றும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருக்கின்றன. வெட்டுப்புள்ளிக்கு மேலே இருந்தால் பிள்ளை போகும், கீழே இருந்தால் எந்த மந்திரியின் கடிதமும் உதவாது. ஆள் இருக்கிறது என்று சொல்கிறவருக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள். வெளிநாட்டு மருத்துவக் கல்லூரிக்கு அனுப்புகிறேன் என்று வருகிறவர்களிடமும் ஒரு கேள்வி கேளுங்கள்: அந்தக் கல்லூரியை இலங்கை மருத்துவ சபை ஏற்றிருக்கிறதா? ஏற்றிருந்தாலும், படித்து முடித்துத் திரும்பி வந்தபின் இங்கே இன்னொரு பரீட்சை எழுதிப் பாஸாக வேண்டும். இதை அவர்கள் வாயால் சொல்லமாட்டார்கள்.

அப்படியானால் நேர்முகம் எங்கே வருகிறது? கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தால் வரும். வெளிநாட்டுக் கல்லூரிகள் பலவற்றில் வரும். நம் பிள்ளைகளுக்கு அதிகமாக வருவது புலமைப்பரிசில் கொடுக்கும் இடங்களில். மருத்துவ பீடத்துக்குள் போக இடம் கிடைத்துவிடும். ஐந்து வருடம் அங்கே சாப்பிட்டு, தங்கி, புத்தகம் வாங்கிப் படிக்கக் காசு வேண்டுமே. அதற்கு ஒரு மேசை, மூன்று நான்கு பெரியவர்கள், முன்னால் ஒரு கதிரை. அந்தக் கதிரையில் உட்கார்ந்ததும், ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ தமிழிலோ, கட்டாயம் வரும் ஒரு கேள்வி: “உங்கள் வாழ்க்கையில் நீங்கள் செய்த மிகப் பெரிய சாதனை என்ன?”

இந்தக் கேள்வியில் நான் ஒரு பிள்ளையைக் கெடுத்தேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அவளிடம் கேட்டு, அவள் சரி என்ற பிறகுதான் எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்றாள்.

நல்ல கெட்டிக்காரி. மருத்துவ பீடத்துக்குத் தெரிவான வருடம், ஒரு புலமைப்பரிசிலுக்குக் கொழும்புக்குக் கூப்பிட்டார்கள். அம்மாவுக்கு அன்றைக்குப் பேர் போனால் கஷ்டம், அதனால் கூட்டிப்போக நான் ஒப்புக்கொண்டேன். ஒரு வாரமாக அவளைத் தயார்படுத்தியதும் நான்தான். சாதாரண தரத்தில் எடுத்த ஏ சித்திகள், மாகாண மட்டக் கட்டுரைப் போட்டியில் எடுத்த மூன்றாம் இடம், இரண்டையும் சேர்த்து எட்டு வரி ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். பள்ளிக்கூடம் விட்டதும் என் முன்னால் நின்று ஒப்புவிப்பாள். ஒரு சொல் பிசகாது. எனக்குப் பெருமை.

இரவு மெயில் ரயிலில் ஹட்டனில் ஏறி, விடியற்காலை கோட்டையில் இறங்கினோம். ஸ்டேஷனிலேயே முகம் கழுவி, தலை சீவி, பத்து மணிக்கு உள்ளே போனாள். பத்து நிமிடத்தில் வெளியே வந்தாள். முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

எட்டு வரியையும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள். அதற்குப் பிறகு ஒரு அம்மா, கோபமாக அல்ல, அன்பாகவே கேட்டிருக்கிறார்: “அந்தக் கட்டுரைப் போட்டியில் உங்களுக்கு எது கஷ்டமாக இருந்தது? எப்படிச் சமாளித்தீர்கள்?” அதற்கு என்னிடம் வரி இல்லை. ஆகவே அவளிடமும் இல்லை. உண்மையைச் சொன்னால் அந்தக் கட்டுரையில் கஷ்டம் ஒன்றுமே இருக்கவில்லை. அவள் எழுதுவாள், அவ்வளவுதான். சும்மா இருந்திருக்கிறாள். “வேறு ஏதாவது?” என்று கேட்டதற்கு “ஒன்றுமில்லை” என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டாள்.

திரும்பும் பஸ்ஸில் அவிசாவளை தாண்டும்வரை இரண்டு பேரும் பேசவில்லை. கித்துல்கலயில் பஸ்ஸை நிறுத்தியபோது பிளேன் டீ வாங்கிக் கொடுத்து, எதையாவது பேசவேண்டுமே என்று, “டொக்டராகணும்னு எப்ப நெனச்ச?” என்று கேட்டேன். அப்போதுதான் சொன்னாள்.

அவளுடைய அம்மாயிக்குச் சீனி வருத்தம். மாதம் ஒரு தடவை டவுன் ஆஸ்பத்திரிக் கிளினிக். அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போனால் கூட்டிப்போக ஆள் இல்லை. அதனால் பதினைந்து வயதிலிருந்து கிளினிக் நாளில் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு இவள்தான் போவாள். அங்கே தமிழ் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் அன்றைக்கு அதிர்ஷ்டம். மிஸ்ஸி சிங்களத்தில் சொல்வதை அம்மாயிக்குச் சொல்வதும், அம்மாயி சொல்வதை மிஸ்ஸிக்குச் சொல்வதும் இவள் வேலை.

ஒரு மாதம் மழையில் பாதை உடைந்து கிளினிக் தவறிவிட்டது. மருந்து முடிந்ததால், பிறகு டவுனில் காசுக்குப் பார்க்கும் டொக்டரிடம் போயிருக்கிறார்கள். அடுத்த மாதம் வழக்கம்போல் கிளினிக். அதிலிருந்து அம்மாயிக்குச் சோறு இறங்கவில்லை. வயிற்றால் போகிறது, படுத்தபடி கிடக்கிறார். லயத்தில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். காற்றுக் கறுப்பு என்று கயிறும் கட்டியாயிற்று.

இவள் ஒரு ராத்திரி அம்மாயியின் குளிசைகளையெல்லாம் பாயில் கொட்டிப் பார்த்திருக்கிறாள். கிளினிக்கில் தருவது உங்களுக்குத் தெரியும், சின்னக் கடதாசி உறையில் போட்டு, மேலே பேனையால் பெயரைக் கிறுக்கித் தருவார்கள். அதில் மெட்ஃபோமின் என்று இருந்திருக்கிறது. காசுக்கு வாங்கியது அட்டையில் வந்தது. அதில் பெரிய எழுத்தில் கம்பனி வைத்த வேறு பெயர். அட்டையைத் திருப்பி, விளக்கடியில் பிடித்து, பொடி எழுத்தை ஒவ்வொன்றாக வாசித்தால் அதிலும் மெட்ஃபோமின். அம்மாயி இரண்டையும் வேறு வேறு மருந்து என்று நினைத்து, ஒரே மருந்தை இரட்டிப்பாக விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

அடுத்து அவள் செய்ததுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. தானாக எதையும் நிறுத்தவில்லை. “எனக்கு என்னா டீச்சர் தெரியும், நிப்பாட்டி ஏதாவது ஆகிட்டா?” என்றாள். கடைக்கார மாத்தயாவிடம் போய், “இந்த இரண்டும் ஒரே மருந்தா, இரண்டையும் குடிக்கலாமா” என்று சிங்களத்தில் எப்படிக் கேட்பது என்று கேட்டு, அதைத் தமிழ் எழுத்தில் கொப்பியில் எழுதிக்கொண்டு, கிளினிக் நாள் வரை காத்திருக்காமல் மறுநாள் காலையிலேயே போயிருக்கிறாள். வாசலில் ஒருவர் இன்றைக்கு உங்கள் நாள் இல்லை என்று திருப்பி அனுப்பப் பார்த்திருக்கிறார். மத்தியானம் வரை நின்று, டொக்டரைக் கண்டு, உறையையும் அட்டையையும் மேசையில் வைத்து, கொப்பியைப் பார்த்து வாசித்திருக்கிறாள். டொக்டர் ஒன்றை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டு, கிளினிக் கொப்பியில் எழுதிக் கொடுத்திருக்கிறார். கொஞ்ச நாளில் அம்மாயி எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டாராம்.

“ஏம்மா, இத ஏன் அங்க சொல்லல?” என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். “இதெல்லாம் சாதனையா டீச்சர்? வீட்டு வேலதானே.”

அந்தப் புலமைப்பரிசில் அவளுக்குக் கிடைக்கவில்லை. மஹாபொலவும், அம்மா எடுத்த கடனும், சித்தப்பா ஒருவர் கொழும்பில் கடையில் நின்று அனுப்பும் காசுமாகப் படித்துக்கொண்டிருக்கிறாள்.

கேள்வி கேட்டவர்களைக் குறை சொல்வது சுலபம். கேட்ட அம்மா சரியாகத்தான் கேட்டார். சான்றிதழ்களை அவர்கள் முன்பே பார்த்தாயிற்று, பைல் மேசையில் இருக்கிறது. அதைத் தாண்டி இந்தப் பிள்ளை எப்படிப்பட்ட ஆள், கஷ்டம் வந்தால் என்ன செய்யும் என்று பார்க்கத்தான் அந்தக் கேள்வி. வைத்தியம் படிக்கப் போகிற பிள்ளைக்கு இன்னும் ஒன்று: தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று ஒத்துக்கொள்ளுமா என்றும் பார்ப்பார்கள். கனடாவில் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் 2000களின் தொடக்கத்தில் இதற்கென்றே ஒரு முறையைக் கொண்டுவந்தது. ஒரே மேசை முன்னால் உட்காரவைப்பதற்குப் பதிலாக, பிள்ளை வரிசையாகப் பல இடங்களுக்குப் போகவேண்டும், ஒவ்வோர் இடத்திலும் வேறொருவர், சில நிமிடம்தான். பிரித்தானியாவில் பல மருத்துவ பீடங்கள் இன்று அதே முறையில்தான் பிள்ளைகளை எடுக்கின்றன. அங்கே விண்ணப்பிக்கும் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் வழிகாட்டலில், வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொண்டதும் அனுபவமே, அதில் என்ன கற்றுக்கொண்டாய் என்று சொல் என்றிருக்கிறது. நம் பிள்ளையிடம் அது கைநிறைய இருந்தது. நான்தான் அதை மூடிவைத்துவிட்டு, மேலே கட்டுரைப் போட்டியை ஒட்டி அனுப்பினேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று யோசித்தால், எனக்கும் அதே நோய்தான். விண்ணப்பப் படிவத்தில் இருக்கும் கட்டங்களைப் பாருங்கள். விளையாட்டு, சங்கங்கள், மாணவத் தலைவர், கெடெட், பேண்ட். நம் பிள்ளை உயர்தரம் படிக்க டவுனுக்குப் போகிறது. பள்ளிக்கூடம் 1.30க்கு விடும். தோட்டத்துப் பக்கம் போகும் பஸ்ஸைத் தவறவிட்டால் அடுத்தது எப்போது என்று சாரதிக்கே தெரியாது. விளையாட்டுப் பயிற்சி ஆரம்பிப்பதே இரண்டு மணிக்குப் பிறகு. பிறகு எப்படிச் சான்றிதழ் வரும்? கட்டம் வெறுமையாக இருக்கும். வெறும் கட்டத்தைப் பார்த்துப் பார்த்தே பிள்ளை தன்னிடம் ஒன்றும் இல்லை என்று முடிவுக்கு வந்துவிடுகிறது. பரிசளிப்பு விழாவில் நாங்களும் புள்ளிக்குத்தானே கிண்ணம் கொடுக்கிறோம்.

பெற்றோரிடமும் ஒன்று சொல்லவேண்டும். “எம்புள்ளக்கி ஒன்னும் தெரியாது டீச்சர், நீங்கதான் பாத்துக்கணும்” என்று பிள்ளையை வைத்துக்கொண்டே சொல்லாதீர்கள். பெரியவர்கள் முன்னால் தாழ்ந்து பேசுவது மரியாதை என்று நமக்குப் பழகிவிட்டது. துரை முன்னால், கணக்கப்பிள்ளை முன்னால் அப்படிப் பேசித்தான் நம் தாத்தா பாட்டிமார் பிழைத்தார்கள். 1948இல் பிரஜாவுரிமையையே பிடுங்கியவர்கள் முன்னால் வேறு எப்படிப் பேசியிருப்பார்கள்? ஆனால் அந்தப் பேச்சை அப்படியே கேட்டு வளரும் பிள்ளை, கொழும்பு மேசை முன்னாலும் “ஒன்றுமில்லை” என்றுதான் சொல்லும்.

இதைச் சொன்னதும் இன்னொரு பக்கம் போய்விடுகிறவர்களும் உண்டு. லயத்து மழை ஒழுகல், அப்பாவின் குடி, அம்மா அட்டை கடித்த காலோடு வீடு வருவது என்று பிள்ளைக்கு ஓர் அழுகைக் கதை எழுதிக் கொடுப்பார்கள். கேட்கிறவர் கண் கலங்கினால் காசு வரும் என்ற கணக்கு. எனக்கு அது பிடிக்காது. வீட்டின் கஷ்டம் பிள்ளை செய்தது அல்ல. கம்பனியும் அரசாங்கமும் செய்தது, அதைக் கேட்கச் சங்கம் இருக்கிறது. மேசை முன்னால் பிள்ளை சொல்லவேண்டியது தன் கை செய்ததை. பாயில் குளிசையைக் கொட்டிப் பார்த்தேன், பொடி எழுத்தை வாசித்தேன், கேட்கப் போனேன், திருப்பி அனுப்பினார்கள், நின்றேன். இதில் பரிதாபம் ஒரு சொல்லும் இல்லை. கேட்கிறவருக்கு எல்லாம் விளங்கும்.

சக ஆசிரியர் ஒருவர் என்னிடம் வாதாடினார்: “வீட்டு வேலையெல்லாம் சாதனை என்றால் தோட்டத்தில் எல்லாப் பிள்ளையும் சாதனையாளர்தானே?” இல்லை. தண்ணீர் சுமப்பது சுமைதான். அதற்குப் பூ வைத்துக் கும்பிட நான் வரவில்லை. சங்கத்தில் இருந்துகொண்டு, எதை இல்லாமலாக்கவேண்டும் என்று போராடுகிறோமோ அதையே மெச்சிப் பேசினால் நம்மைவிட மடையர் இல்லை. ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ஆஸ்பத்திரியில் மொழிபெயர்த்து நிற்கக்கூடாது. தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி என்று அரசியலமைப்பில் 1987இல் எழுதியாயிற்று. மலையகத்து ஆஸ்பத்திரிகளில் ஒவ்வொரு கிளினிக்கிலும் தமிழ் பேசும் ஒருவர் இருக்கவேண்டும் என்பது நம் கோரிக்கையில் இருக்கிறது, இருக்கத்தான் வேண்டும். அந்தக் குறை தீரும்வரை, அதற்குள் நின்று யோசித்து, ஓர் ஆளைக் காப்பாற்றிய பிள்ளையிடம் “நீ செய்தது ஒன்றுமில்லை” என்றும் சொல்லமுடியாது. இரண்டையும் சேர்த்துத்தான் பேசவேண்டும், கொஞ்சம் சிரமம்தான்.

இன்னொரு சிக்கல் நம் சங்கக்காரருக்கே உரியது. நாம் “நான்” என்று பேசப் பழகவில்லை. கூட்டத்தில் யாராவது “நான் செய்தேன், நான் பேசினேன்” என்றால் பின்வரிசையில் சிரிப்பு வரும், வரவும் வேண்டும். நம் வீட்டுப் பிள்ளைகளும் அப்படித்தான். லயத்துச் சின்னப் பிள்ளைகளுக்குப் பிள்ளைக் காம்பராவில் மாலை வகுப்பு நடத்திய ஒரு பையனிடம் கேட்டேன், “நாங்க நடத்தினோம்” என்றான். சரி, அதில் நீ என்ன செய்தாய்? சாவி கேட்டுத் துரையிடம் போனது யார்? மழை நாளில் பிள்ளைகள் வராதபோது வீடு வீடாகப் போனது யார்? “நான்தான்.” அதைச் சொல். மற்ற நால்வரும் என்ன செய்தார்கள் என்பதையும் சொல். அது தற்பெருமை ஆகாது. கணக்குச் சொல்வது மாதிரி, செக்ரோலில் அவரவர் பேரை அவரவர் பேருக்கு நேரே போடுவது மாதிரி.

மொழி பற்றி ஒரு வார்த்தை. மருத்துவம் ஆங்கிலத்தில்தான் படிப்பிக்கிறார்கள், ஆகவே ஆங்கிலம் இல்லாமல் முடியாது, அதை இப்போதே தொடங்குங்கள். ஆனால் பாடமாக்கிய ஆங்கிலம் முதல் கேள்வியைத்தான் தாங்கும். இரண்டாவது கேள்வியில் விழுந்துவிடும், நான் பார்த்துவிட்டேன். தெரிந்த அளவு ஆங்கிலத்தில் ஆரம்பித்து, முட்டினால் “இதைத் தமிழில் சொல்லலாமா?” என்று கேட்பதில் வெட்கம் இல்லை. தன் வாழ்க்கையில் நடந்ததைச் சொல்கிற பிள்ளைக்கு எத்தனையாவது கேள்வி வந்தாலும் பதில் இருக்கும்.

சங்கத்திடமும் எனக்கு ஒரு குறை இருக்கிறது, இந்தப் பத்திரிகையிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பிள்ளை மருத்துவ பீடத்துக்குத் தெரிவானால் மாலை போடுகிறோம், போட்டோ எடுக்கிறோம், பிள்ளையின் படத்தைவிடத் தலைவர் படம் பெரிதாக நோட்டீஸ் அடிக்கிறோம். அந்த நோட்டீஸ் காசில் இரண்டு பிள்ளைகளைக் கொழும்புக்கு நேர்முகத்துக்கு அனுப்பி வைக்கலாம். ஆசிரியர்களான நாங்களும், விடுகைப் பத்திரத்திலும் நற்சான்றிதழிலும் “ஒழுக்கமானவர், பணிவானவர்” என்று எல்லோருக்கும் ஒரே வரியை எழுதாமல், அந்தப் பிள்ளை செய்த ஒரு காரியத்தையாவது எழுதலாம். எழுத இடம் இருக்கிறது, அதிபரும் கையெழுத்துப் போடுவார்.

ஆரம்பத்தில் சொன்ன அந்தத் தகப்பன் மறுநாள் மகளைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்தார். யாரையும் பிடிக்கத் தேவையில்லை, புலமைப்பரிசிலுக்கு மட்டும் விண்ணப்பிப்போம் என்று சொல்லிவிட்டு, பிள்ளையிடம் அந்தக் கேள்வியைக் கேட்டேன். “ஒன்னுமில்ல டீச்சர்” என்றாள். தகப்பன் தலையைச் சொறிந்துகொண்டு, “ஆமா, ஒன்னும் இல்லதான்… அந்தத் தண்ணிப் பைப்பு விசயம் மட்டும்…” என்று இழுத்தார். பிள்ளை வேண்டாம் என்பது போல் அவரைப் பார்த்தாள். நான் கதிரையை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன். ஊற்றுக்கண்ணில் இலை அடைத்து, மேல் லயத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் வயிற்றோட்டம் வந்த கதையை அவள் சொல்லி முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. எந்த வீட்டில் எப்போது தொடங்கியது என்று கொப்பியில் தேதி போட்டு எழுதி வைத்திருந்திருக்கிறாள். அந்தக் கொப்பி இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறதாம்.

நேர்முகக் கடிதம் வந்த பிள்ளைகள் எந்தத் தோட்டமானாலும், தலைவரிடமோ மாதர் சங்கத் தலைவியிடமோ பெயர் கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் சங்கக் காரியாலயத்தில் நாங்கள் இரண்டு மூன்று ஆசிரியர்கள் மேசை போட்டு உட்காருவோம், கேள்வி கேட்போம். எழுதிக் கொடுக்க மாட்டோம். வரும்போது அம்மாவையோ அப்பாவையோ கூட்டிவாருங்கள், பிள்ளை மறந்ததை அவர்கள் ஞாபகப்படுத்துவார்கள். சான்றிதழ் பைலை வீட்டில் விட்டுவிட்டு வந்தாலும் பரவாயில்லை.